துக்கம் சொல்லப் போனவள்

மாரேனுக்கு அன்று ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. வீட்டைப் பெருக்கினாள். பெருக்கிய வீட்டையே மறுபடி பெருக்கினாள். தேநீர் போட்டு, ஆறவிட்டு, வெளியே கொட்டினாள். அமெரிக்காவில் அவளுடைய அப்பா செத்துப்போயிருந்தார். காலையில் சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறியபோது தம்பியின் செய்தி வந்தது. சனிக்கிழமை அடக்கம், உன்னால் வந்து சேர முடியாது, அலையாதே என்று எழுதியிருந்தான். ஒழுங்கான பிள்ளை, அப்பனை நாலு வரியில் முடித்துவிட்டான்.

இங்கே மலாவியில், இந்த மலையடிவாரத்தில், யாரிடம் போய்ச் சொல்வது? அதுதான் அவளைப் பிடுங்கித் தின்றது. சொல்லவேண்டிய ஆள் அடுத்த வீட்டு எனிஃபா. சொல்ல முடியாத ஆளும் அவள்தான்.

எல்லாம் மாரேனின் கைங்கரியம். குழந்தைகளுக்கு எடை பார்க்க வந்த தன்னார்வலர் அவள். போன மாதம் எனிஃபாவின் அண்ணன் இறந்த அன்று ஊரில் ஒரு மண்வெட்டி அசையவில்லை. எல்லோரும் சாவு வீட்டுத் தரையில் உட்கார்ந்திருக்க, இந்த மகராசி மாமரத்தில் தராசைக் கட்டித் தொங்கவிட்டுத் தாய்மாருக்காகக் காத்திருந்தாள். எடை நாளாம். ஒருத்தியும் வரவில்லை என்று கோபம் வேறு. மத்தியானம் சாவு வீட்டு வாசல்வரை போய், நின்றபடியே, "எடையை நாளைக்கு வச்சுக்கலாமா?" என்று கேட்டாள். கேட்டது செத்தவனின் தங்கையிடம். கேட்கிற நேரமா அது, கேட்கிற ஆளா அவள்?

அன்றிலிருந்து எனிஃபா வணக்கத்துக்கு வணக்கம் சொல்வதோடு சரி. அவள் வீட்டிலிருந்து களியோடு வந்துகொண்டிருந்த கருவாட்டுக் குழம்பும் நின்றுபோயிற்று. "உன் வீட்ல ஒண்ணுன்னா யாரு வருவா?" என்று அடிபம்பில் ஒருத்தி கேட்டே விட்டாள். மாரேன் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கதவைச் சாத்திக்கொண்டு அழப் பார்த்தாள். அழுகை வரவில்லை. படுத்தால் கால்கள் எழுந்து நடக்கச் சொல்லின. நடந்தால் வீடு பத்தவில்லை. கடைசியில் வருவது வரட்டும் என்று ஊர்ப் பெண்களைப் போல ஒரு துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு வேலியைத் தாண்டினாள்.

எனிஃபா முற்றத்தில் மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"என்ன, இன்னிக்கும் எடை நாளா?"

"அக்கா, எங்கப்பா செத்துட்டாரு."

கை நின்றது. "எப்போ?"

"முந்தாநேத்து. எனக்குக் காலையிலதான் தெரிஞ்சுது."

"காலையிலயா? பொழுது எங்க நிக்குதுன்னு பாரு. இவ்வளவு நேரம் வீட்டுக்குள்ள என்ன பண்ணிக்கிட்டிருந்தே?"

"பெருக்கிக்கிட்டிருந்தேன்."

"பெருக்கினியா? சாவு விழுந்துருக்கு, தனியா உக்காந்து பெருக்கிருக்கே. எங்களை மனுஷங்கன்னு நினைச்சியா, ஆடுமாடுன்னு நினைச்சியா?"

"உங்க அண்ணன் சாவுக்கு நான் வந்து உக்காரல அக்கா. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது?"

"அதுக்கு உன்னைத் திட்ட வேண்டியது நிறைய இருக்கு. அதை இன்னிக்கித் திட்ட முடியாது. நட."

மாரேனின் வீட்டுக்குள் நுழைந்து மேசையையும் நாற்காலியையும் எனிஃபாவே வெளியே இழுத்துப் போட்டாள். தரையில் பாயை விரித்தாள். வேலி பக்கம் திரும்பி ஒரு குரல் கொடுத்தாள். அவ்வளவுதான். வயலில் இருந்தவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தார்கள். சாவு வீட்டுச் சமையலுக்குத் தட்டில் மாவோடு வந்தார்கள். அடிபம்பில் வம்பு பேசியவளும் வந்து சுவரோரம் உட்கார்ந்தாள்.

"உங்கப்பா பேரு என்ன?"

"ஆர்வில்."

"என்ன வேலை பாத்தாரு?"

"பால் வண்டி ஓட்டினாரு."

"இப்ப எந்தப் பக்கம் கிடக்குறாரு?"

மாரேன் யோசித்து, மலைக்கு மேலே, சூரியன் சாயும் பக்கமாகக் கையைக் காட்டினாள். பெண்கள் எல்லோரும் அந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்கள். மாரேனால் அப்போதும் சும்மா இருக்க முடியவில்லை. அடுப்பைப் பார்த்து எழுந்தாள். எனிஃபா தோளைப் பிடித்து அமுக்கினாள்.

"எங்க போறே?"

"வந்தவங்களுக்கு டீ..."

"உனக்கு இன்னிக்கு ஒரு வேலையும் கிடையாது. உக்காரு."

பிறகு எனிஃபா தொண்டையைத் திறந்தாள். "ஆர்வில் அப்பா, பால் சுமந்த அப்பா, ஒத்தப் பொண்ணை எங்க கையில விட்டுட்டுப் படுத்துட்டியே" என்று இழுத்தாள். அவரைக் கண்ணால் பார்த்திராத அத்தனை பெண்களும் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

மாரேனுக்கு அப்போதுதான் அப்பா செத்தார். எனிஃபாவின் மடியில் விழுந்து வாய்விட்டுக் கத்தினாள்.