முட்டிவலிக்காரியின் அட்டைப்படம்

அட்டைப்படம் வந்துவிட்டது என்று வாட்ஸ்அப் சத்தம் போட்டதும், கழுவிக்கொண்டிருந்த தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டு ஓடி வந்தாள். ஓடி வந்தாள் என்பது ஒரு பேச்சுக்கு. முட்டி இருக்கிற லட்சணத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துதான் வந்தாள். பெரிய துணிக்கடை ஒன்றில் இருபத்தெட்டு வருஷமாக நிற்கிறாள். நிற்கிறாள் என்பது பேச்சுக்கு இல்லை. அங்கே விற்கிறவர்களுக்கு நாற்காலி கிடையாது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். கால் வீங்கினால் வீங்கட்டும், கடை பார்க்க அழகாக இருக்க வேண்டுமாம்.

அந்த முட்டிவலியில் பிறந்ததுதான் அவள் நாவல். ஒரு கோட்டை. நிழலைத் தின்கிற ஒரு யாளி. அது வரும்போதெல்லாம் ஊரே ஓடும். ஓடுகிறவர்களின் நிழலை அது பின்னாலிருந்து கவ்வும். கோட்டை வாசலில் ஐம்பத்திரண்டு வயதுக் காவல்காரி ஒருத்தி, பருத்த உடம்பு, மடங்காத முட்டி. அவளால் ஓட முடியாது. அதனால் நிற்கிறாள். நிற்கிற மனுஷியை யாளி அதுவரை பார்த்ததே இல்லை. மீதிக் கதை அந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது.

ஒரு பதிப்பகத்தார் படித்துவிட்டு ஆகா ஓகோ என்றார். கூடவே, "வயசை மட்டும் இருபதாக்கிடுங்க. அந்த முட்டிவலியை எடுத்துடுங்க" என்றார். முட்டியை எடுத்துவிட்டால் அவள் ஏன் நிற்கிறாள் என்று கேட்டதற்கு, "வீரம்தாம்மா, வீரம்" என்றார். உயிரை எடுத்துவிட்டு உடம்புக்குப் பவுடர் பூசச் சொல்கிற ஆசாமி. நானே போட்டுக்கொள்கிறேன் என்று அன்றைக்கே எழுந்து வந்துவிட்டாள். அதன் பிறகு எல்லாம் அவள் முடிவுதான். கண் மங்கியவர்களும் படிக்கட்டும் என்று எழுத்தைப் பெரிதாக்கினாள், பக்கம் கூடினால் கூடட்டும் என்றாள். அட்டை மட்டும் பாக்கி இருந்தது.

இப்போது போனில் அந்த அட்டை. கொடியிடை, கையில் வாள், காற்றில் பறக்கிற கூந்தல். இருபது வயதுப் பெண் ஒருத்தி ஓடிக்கொண்டிருந்தாள். நிற்கக்கூட இல்லை, ஓடுகிறாள். போனைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. இடது புருவத்தில் சின்ன வெட்டு. அந்த முகம் அவளுடையது, கல்யாண ஆல்பத்தில் இருக்கிற அவளுடையது.

அட்டை வரைகிறவனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, இந்த மூஞ்சி உங்களுக்கு எங்கேர்ந்து கிடைச்சுது?"

"சார்தான்க்கா குடுத்தாரு. உங்களுக்குச் சொல்ல வேணாம், சர்ப்ரைஸா இருக்கட்டும்னாரு. காலையில அச்சுக்குப் போயிடும்க்கா."

சார் என்பது அவள் புருஷன். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். பாராட்டு வரும் என்று கூடத்தில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என் கதையைப் படிச்சீங்களா, இல்லையா?"

"ரெண்டு தடவை படிச்சேனே."

"அவளுக்கு என்ன வயசு?"

"கதையில இருக்கறது இருக்கட்டும். அட்டையில கொஞ்சம் அழகா இருந்தா என்ன கெட்டுப்போச்சு? எவன் பொண்டாட்டி படம் புஸ்தக அட்டையில வந்திருக்கு, சொல்லு."

வேலியே பயிரை மேய்ந்தால் எங்கே போய்ச் சொல்வது? பதிப்பகத்தாரிடமிருந்து காப்பாற்றிக் கொண்டுவந்த காவல்காரியை வீட்டுக்குள்ளேயே பிடித்துக் கொடுத்திருக்கிறார், அதுவும் பாசமாக.

"இந்தப் பொண்ணை உங்களைவிட எனக்கு நல்லாத் தெரியும். சரியான பயந்தாங்கொள்ளி. கடையில முதல் நாள் கால் வலிக்குதுன்னு சொல்லப் பயந்துக்கிட்டு, பாத்ரூம்ல உக்காந்து அழுதவ. யாளி வந்தா முதல்ல ஓடறது இவதான். இவ கையில போய் வாளைக் குடுத்திருக்கீங்க."

"நீ அழகா இருக்கேன்னுதானேடி..."

"இருபத்தெட்டு வருஷம் நின்னு நின்னு வாங்கின முட்டிங்க இது. கடைக்காரர் மதிக்கல, பதிப்பகத்துக்காரர் மதிக்கல, விடுங்க. தெனம் தைலம் தேச்சு விடற நீங்களுமா?"

அவர் கால் ஆட்டுவதை நிறுத்தினார். கொஞ்ச நேரம் அவள் முட்டியைப் பார்த்தார். சுடிதாருக்கு மேலேயே முட்டிப் பட்டையை இறுக்கிக் கட்டியிருந்தாள். பிறகு எழுந்து போனை எடுத்தார்.

"வா, வாசல்ல வந்து நில்லு."

"எதுக்கு?"

"நில்லேன்."

வாசல் நிலையில் ஒரு கை ஊன்றி, நல்ல காலில் பாரத்தைப் போட்டு நின்றாள். தலை கலைந்திருந்தது, கையில் பாத்திர ஈரம் காயவில்லை.

"சிரிக்கணுமா?"

"வேணாம். இப்ப என்னைப் பாக்கற மாதிரியே பாரு."

அதற்காக அவள் தனியாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

அவர் எடுத்து அனுப்பிய படம் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்திலேயே அட்டைத் தம்பி கூப்பிட்டான். அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், படம் ஓகே. சுருக்கத்தை எடுத்துட்டு, இடுப்பைக் கொஞ்சம் உள்ள தள்ளி, அந்த முட்டிப் பட்டையை அழிச்சுட்டேன்னா..."

அவள் போனைப் பிடுங்கக் கை நீட்டினாள். அவர் தரவில்லை.

"தம்பி, படத்துல அவ என்ன பண்றா?"

"சும்மா நிக்கறாங்க சார்."

"சும்மா நிக்கலப்பா," என்றார். "முட்டிமேல மட்டும் கை வெக்காதே."

"பட்டையைக் காவல்காரி கட்டற தோல் பட்டையா வரைங்க தம்பி," என்றாள் அவள். "அழிச்சீங்க, அச்சே கிடையாது."

கோபம் இன்னும் ஆறவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்தாள். தைலப் புட்டியை அவரே போய் எடுத்து வந்தார்.