பொழுது சாயாத வீடு

திண்டிவனத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அப்பாதுரையின் வீட்டில் மட்டும் மூன்று ஆண்டுகள் சூரியன் மறையவில்லை. தெருவில் மற்றவர்கள் ஆறேகாலுக்கெல்லாம் விளக்கைப் போட்டுக் கொசுவத்தி கொளுத்திவிடுவார்கள். அவர் வீட்டுக்கு மட்டும் பின்பக்கத் தென்னைக்கு ஒரு முழம் மேலே சூரியன் மஞ்சளாக நின்றுகொண்டிருக்கும். விடிந்து கிழக்கே வழக்கமான சூரியன் வந்ததும் இது காணாமல் போகும். சாயங்காலம் மறுபடியும் வந்து நின்றுகொள்ளும். முதல் வாரம் வேடிக்கை பார்க்கப் பத்துப் பேர் வந்தார்கள். இரண்டாம் வாரம் பக்கத்து வீட்டுச் சின்னபொண்ணு அனுமதி கேட்டு அவர் மாடியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயவைத்தாள். மூன்றாம் வாரத்திலிருந்து யாரும் அனுமதி கேட்கவில்லை.

சூரியன் முதலில் நின்றது ஓர் அறுப்புப் பண்டிகை ஞாயிறன்று. அந்தப் பண்டிகைக்குத் தேவாலயத்துச் சபையார் அவரவர் நிலத்தில் விளைந்ததைக் கொண்டுவந்து பீடத்தின் முன் படைப்பார்கள். ஆராதனையும் விருந்தும் முடிந்தபின், நாலு மணிக்குமேல் அவற்றை ஏலம் விடுவார்கள். பதினெட்டு வருடமாக ஏலம் விடுபவர் சபைச் செயலாளரான அப்பாதுரைதான். ஒரு முருங்கைக்காய்க் கட்டை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் சிரிக்கவைப்பார். அந்த வருடம், பண்டிகைக்கு முந்தின நாள், விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் அவர் மனைவி அன்புச்செல்விக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து பன்னிரண்டு வருடம் இருவரும் ஜெபித்துக் காத்திருந்தது அந்தக் கர்ப்பப்பையில் ஒரு பிள்ளை தங்குவதற்காகத்தான். கூட இருக்கச் சொல்லி அவள் கேட்டபோது, ஆண்டவருடைய வேலையை முதலில் பார்த்தால் நம் வேலையை அவர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டு அவர் பந்தல் போடப் போனார். ஞாயிறு ஏலம் முடிந்து, ஏலத்தில் தானே எடுத்த ஒரு தார் வாழைப்பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். அன்புச்செல்வி பழத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவர் திண்டிவனம் திரும்பியபோது தெருவெல்லாம் இருட்டு, வாசலில் வெயில்.

சூரியன் மறையும் முன்பே கோபம் தணிய வேண்டும் என்று வேதத்தில் இருப்பது அவருக்குத் தெரியும். எத்தனையோ தம்பதிகளுக்கு அதைச் சொல்லிச் சமாதானம் செய்துவைத்தவர். தனக்கு வந்திருப்பது தண்டனை என்றே நினைத்தார். அன்புச்செல்வி தம்பி பிரவீன்குமாரின் வீட்டுக்குப் போய் விழுப்புரத்திலேயே தங்கிவிட்டாள். அப்பாதுரை தினமும் காலை ஐந்து மணிக்கு அவளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வசனப் படம் அனுப்பினார். லில்லிப்பூ, மலை, புறா, கீழே வசனம். பார்த்துவிட்டாள் என்பதற்கு இரண்டு நீல டிக் விழும், பதில் வராது. ஞாயிறுதோறும் முழங்காலில் நின்று தன் பாவத்தை ஆண்டவரிடம் அழுது சொன்னார். விழுப்புரம் ஒரு மணி நேரப் பயணம்தான். அங்கே போய்ச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஆண்டவரிடம் சொல்லியாயிற்று என்று நினைத்தார். கறுப்புத் திரை வாங்கி ஜன்னலை மூடியும் தூக்கம் பாதிதான் வந்தது. அவள் வைத்துவிட்டுப் போன அந்திமந்தாரைச் செடி, அந்தி வராததால், மூன்று வருடமும் மொட்டாகவே நின்றது. விதை போட்ட பூசணி மட்டும் ஓயாமல் வெயில் வாங்கி முப்பத்தெட்டு கிலோவுக்குக் காய்த்தது.

மூன்றாம் வருடப் பண்டிகைக்கு அந்தப் பூசணியைத்தான் படைத்தார். அன்று ஆராதனையில் வேதபாடம் வாசிக்கும் முறையும் அவருடையதே. பீடத்தில் காணிக்கை வைக்கும்போது யாருக்காவது உன்மேல் குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு, முதலில் போய் அவரோடு ஒப்புரவாகு என்ற பகுதி. இருபது தடவையாவது வாசித்திருப்பார். அன்றைக்கு 'முதலில்' என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. தொண்டை கட்டியிருக்கும் என்று ஒருவர் வெந்நீர் கொடுத்தார். சாயங்காலம் ஏலத்தில் மூன்று பொருள் போனபின் பூசணியின் முறை வந்தது. அப்பாதுரை ஒலிபெருக்கியைப் போதகர் கையில் கொடுத்துவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு நடந்தார்.

விழுப்புரத்தில் அவர் இறங்கியபோது இருட்டியிருந்தது. கதவைத் திறந்த பிரவீன்குமார், "இன்னா மாமா, ஏலம் அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?" என்றான்.

"முடியல. வுட்டுட்டு வந்துட்டேன்."

அன்புச்செல்வி சமையலறையில் இருந்தாள். அடுப்பு மேடையின்மேல், ஒரு துண்டு அகலத்துக்கு, மஞ்சள் வெயில் விழுந்திருந்தது. விளக்குப் போடாமல் அந்த வெளிச்சத்தில் அவள் கேப்பை மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அப்பாதுரை வெயிலையே பார்த்தார்.

"உனக்குமா?"

"மூணு வருசமா. எந்த வசனம் எடுத்துக்கினு வந்தீங்க?"

"வசனம் இல்ல. தப்பு பண்ணிட்டேன், அன்பு. அன்னிக்கு நான் உன் பக்கத்துல இருந்திருக்கணும்."

அவள் கை மாவிலேயே நின்றது. "ஆஸ்பத்திரில வெளிய செருப்புச் சத்தம் கேக்கும்போதெல்லாம் நீங்கதான்னு கண்ணத் தொறப்பேன். நர்சம்மா பேஜாராயிட்டாங்க. அப்பறம் நீங்க அனுப்புன படம் ஒவ்வொண்ணையும் கீழ வரைக்கும் தள்ளித் தள்ளிப் பாப்பேன், உங்க கையால ஒரு வரி எழுதியிருக்கீங்களான்னு."

"ஆண்டவரு தண்டிக்கிறாருன்னு பயந்துக்கினு கெடந்தேன்."

"தண்டனையா? நாம பேசி முடிக்கட்டும்னு அந்த நாள முடிக்காம வெச்சிக்கினு இருக்காருங்க. அந்த நம்பிக்கையிலதான் நானும் கோவத்தோடயே காத்துக்கினு இருந்தேன்."

இருவரும் அழுதார்கள். எடுத்துப்போட்ட கர்ப்பப்பைக்காகவும் சேர்த்து அழுதார்கள். அதை அதுவரை தனித்தனியாகத்தான் அழுதிருந்தார்கள். மேடையிலிருந்த வெயில் மெல்ல நகர்ந்து, மாவுப் பாத்திரத்தைத் தாண்டி, ஜன்னல் கம்பி வழியாக வெளியே போனது. பிரவீன்குமார் வந்து விளக்கைப் போட்டான். அதே நேரம் அப்பாதுரையின் போன் அடித்தது. சின்னபொண்ணு.

"அண்ணே, உங்க வூட்ல பொசுக்குனு இருட்டிக்கிச்சு! மாடியில மொறத்தோட நிக்கிறேன், லைட்டு சுச்சு எங்க கீது?"

மூன்று வருடமாகத் தேவைப்படாத சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று அவருக்கு மறந்துவிட்டது. அன்புச்செல்விதான் போனை வாங்கிச் சொன்னாள்.

மறுநாள் இருவரும் பேருந்தில் வந்து இறங்கினார்கள். அன்று அந்தி சாய்ந்ததும் அந்திமந்தாரை மூன்று வருடத்து மொட்டுகளையும் ஒரேயடியாக விரித்தது. பீடத்தின் முன் அவர் விட்டுவந்த பூசணியை ஏலம் விட யாருக்கும் மனம் வராமல், சபையார் அடுத்த ஞாயிறு சாம்பார் வைத்தார்கள். ஏலம் விடும் பொறுப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு அப்பாதுரை இப்போது பண்டிகையன்று அன்புச்செல்வியோடு கடைசி பெஞ்சில் உட்காருகிறார். எப்போதாவது இருவருக்கும் வாக்குவாதம் முற்றினால் அந்த வீட்டில் அஸ்தமனம் இருபது நிமிடமோ அரை மணியோ தாமதமாகும். அப்போதெல்லாம் சின்னபொண்ணு முறத்தோடு படியேறி வருவாள். "இன்னும் கொஞ்ச நேரம் சண்ட போடுங்க, ஒரு பக்கம் இன்னும் ஈரமா கீது" என்று மாடியிலிருந்து குரல் கொடுப்பாள். அதைக் கேட்டு இரண்டு பேரும் சிரித்துவிடுவார்கள். மல்லாட்டை காயாமலே பொழுது சாய்ந்துவிடும்.