சீர் பீரோவில் போன காமிரா

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள் கண்ணுகளா. காற்றுக்காக அவ்வளவு தள்ளி உட்கார்ந்தால் பாதிக் கதை அந்த ஜன்னல் வழியாகவே போய்விடும். இன்றைக்கு உங்களுக்கு ஒரு திருட்டுக் கதை சொல்கிறேன். பயப்படாதீர்கள், இதில் திருடன் வரமாட்டான். அவன் வந்திருந்தால் இத்தனை பாடு பட்டிருக்கவே வேண்டாம்.

எழுபதுகளில் செங்கல்பட்டு ரயிலடிக்குப் பக்கத்தில் சுலைமான் பாய் ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். அவர் மனைவி ஷஹர்பானுவும் நானும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். அதனால் இதெல்லாம் எனக்கு அவள் வாயாலேயே வந்து சேர்ந்தது. பாயிடம் இருந்தது ஒரே ஒரு காமிரா. யாஷிகா. மேலே ஒன்று கீழே ஒன்றாக அதற்கு இரண்டு கண். ஷஹர்பானுவின் தங்க வளையல்கள் அத்தனையும் அந்தப் பெட்டிக்குள்தான் போயிருந்தன. ஆகவே காமிராவுக்கு ஒன்று ஆகிவிட்டால் பாய் ஊருக்குப் பதில் சொல்லிவிடலாம். வீட்டுப் படியை மிதிக்க முடியாது.

பாய் ஏற்கனவே சந்தேகப் பிராணி. போதாக்குறைக்கு அவருடைய தொழில் சிநேகிதர் தேவசகாயம் திருப்போரூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய், சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தார். திரும்பி வந்து பார்த்தால் இலையில் மிச்சம் வைத்த அப்பளம் அப்படியே இருந்தது. பக்கத்தில் வைத்த பிளாஷ் விளக்கு இல்லை. அன்றோடு சுலைமான் பாய்க்குக் கல்யாண வீடு என்றாலே திருடர்கள் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு கூடுகிற இடம் என்று ஆகிவிட்டது. காமிராவைக் கழுத்தில் மாட்டினார். அதன் வாரைச் சைக்கிள் சங்கிலியால் இடுப்போடு பிணைத்துப் பூட்டினார். அதிலும் திருப்தி இல்லை. யாராவது தொட்டால் தெரியட்டும் என்று ஒரு மாட்டு மணியையும் கட்டிக்கொண்டார். மாப்பிள்ளைக்குக் கழுத்தில் ஒரு மாலை என்றால் பாய்க்கு வார், சங்கிலி, மணி என்று மூன்று அலங்காரம்.

இந்த அலங்காரத்தோடுதான் அவர் மாமல்லபுரம் கேசவன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனார். கேசவனுக்குக் கடற்கரைக் கோயிலுக்குப் போகிற வழியில் சங்கும் சிப்பி மாலையும் விற்கிற கடை. அவர் மகள் ஞானம்பாள்தான் மணப்பெண். மாப்பிள்ளை சின்னராசுவுக்குக் கல்பாக்கத்தில் பிட்டர் வேலை, வீடு திருக்கழுக்குன்றத்தில். மாப்பிள்ளையின் அம்மா திரிபுரசுந்தரி. அந்தம்மாள் பெயரைச் சொன்னாலே அந்தத் தெருவில் அழுகிற பிள்ளை வாயை மூடும் என்பார்கள்.

முகூர்த்த நேரம் வந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். பாய் காமிராவுக்குள் குனிந்து பார்த்தார். அவர் குனிய, மணி கணகணவென்று அடித்தது. அதுதான் சைகை என்று நினைத்து மேளக்காரர் கெட்டிமேளத்தைக் கொட்டிவிட்டார். சத்திரமே அட்சதையை வீசிவிட்டது. பெண்ணின் தலையெல்லாம் அரிசி, கழுத்தில் ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை தாலியைப் பிடித்தபடி அந்த அரிசி மழையில் நின்றார். பிறகு ஜனங்கள் மடியிலும் தரையிலும் விழுந்ததைப் பொறுக்கி மறுபடியும் போட்டார்கள்.

தாலி ஏறிய கையோடு கேசவன் பாயை ஒரு தூணோரம் தள்ளிக்கொண்டு போனார்.

"இன்னா பாய் இது? என் பொண்ணு கண்ணாலமா, மாட்டுப் பொங்கலா?"

"கோச்சிக்காத அண்ணாத்த. காலம் கெட்டுக் கீது. தேவசகாயத்துக்கு நடந்தது உனக்குத் தெரியாது."

"தெரியும். காலைலேருந்து பத்து தபா சொல்லிட்ட. அப்ப என் சொந்தக்காரனுங்க எல்லாம் திருடனுங்களா?"

"உன் சொந்தக்காரனுங்களைச் சொல்வேனா? நான் சொல்றது மாப்ள வூட்டு ஆளுங்களை…"

"மெள்ளப் பேசுய்யா! சம்பந்தியம்மா அங்க நின்னுகினு கீது!"

கேசவன் நல்ல மனிதர். முந்தின நாளிலிருந்து இந்த மனிதர் ஒரு வாய் சோறு நிம்மதியாகச் சாப்பிடவில்லையே என்று அவருக்கு இரக்கமும் வந்துவிட்டது. கூடத்தின் மூலையைக் காட்டினார். அங்கே சீர் சாமான்கள். பித்தளை அண்டா, குடம், கட்டில், அவற்றுக்கு நடுவில் மகராஜா மாதிரி ஒரு புத்தம் புது இரும்பு பீரோ.

"தோ பாரு, யானை முட்டினாலும் தொறக்காது. உள்ளார லாக்கர் வேற கீது. உன் பொட்டியை அதுல வெச்சுப் பூட்டுறேன். சாவி என் இடுப்புல. நீ போய் நிம்மதியா துண்ணு."

பாய் பீரோக் கதவை இழுத்துப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். பின்பக்கம் போய் அங்கே ஏதாவது கதவு இருக்கிறதா என்றும் பார்த்தார். பிறகுதான் பந்தியில் உட்கார்ந்தார். மூன்று தரம் பாயசம் வாங்கினார். சாப்பிட்டவுடன் கடல் காற்று முகத்தில் அடித்தது. சத்திரத்துப் பின்பக்கம் ஒரு பெஞ்சில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிப் போனார். சங்கிலியும் மணியும் இடுப்பிலேயே இருந்தன. அவற்றை யாரும் திருடவில்லை.

அன்றைக்கு வியாழக்கிழமை. ஒன்றரை மணிக்கு ராகு காலம் பிறக்கும். அதற்குள் பெண்ணும் மாப்பிள்ளையும் சீரும் கிளம்பிவிட வேண்டும் என்று பெரியவர்கள் பரபரத்தார்கள். லாரி வந்து நின்றது. அண்டா ஏறியது, கட்டில் ஏறியது, பீரோ ஏறியது. கேசவன் இடுப்பிலிருந்த சாவியை எடுத்து, வெற்றிலை பாக்கு மஞ்சளோடு தட்டில் வைத்து, கண்கலங்கி, சம்பந்தியம்மாள் கையில் கொடுத்தார். மகளை அனுப்புகிற தகப்பனுக்கு அந்த நேரத்தில் போட்டோக்காரன் ஞாபகம் வருமா, நீங்களே சொல்லுங்கள்.

பாய் கண் விழித்தபோது சத்திரத்தில் ஈயும் எச்சில் இலையும்தான் மிச்சம்.

"அண்ணாத்த, பொட்டி?"

கேசவன் இடுப்பைத் தடவினார்.

"நானே குடுத்துட்டேன் பாய். தட்டுல வெச்சு… ரெண்டு கையாலயும்."

கேசவனால் பின்னாலேயே ஓட முடியுமா? பெண்ணை அனுப்பிவிட்டு, அன்றைக்கே 'ஒரு பொருள் தவறி வந்துவிட்டது' என்று கேட்டுக்கொண்டு போகிற தகப்பனை எந்தச் சம்பந்தி மதிப்பாள்? ஆகவே பாய் தனியாகப் பஸ் ஏறினார். ஞாயிற்றுக்கிழமை திருப்போரூரில் அடுத்த கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தார். காமிரா இல்லாமல் அங்கே போய் மணியடிக்கவா முடியும்?

திருக்கழுக்குன்றத்தில் அந்த வீட்டு வாசலிலேயே பதினைந்து ஜோடி செருப்பு. உள்ளே தெருப் பெண்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில், சாமி படத்துக்குப் பக்கத்தில், ஒரு முக்காலிமேல் காமிரா. மேல் கண்ணுக்கு ஒரு சந்தனப் பொட்டு, கீழ்க் கண்ணுக்கு ஒன்று, இரண்டின் மேலும் குங்குமம். மல்லிகைச் சரம் வேறு சுற்றியிருந்தது.

"வாய்யா போட்டோக்காரரே, நல்ல நேரத்துல வந்த!" என்றாள் திரிபுரசுந்தரி. "இது எம்மாம் ஒசத்தின்னு இவளுங்களுக்குச் சொல்லு. லாக்கரைத் தொறந்தேன், உள்ளார உக்காந்துகினு கீது! என் சம்பந்தி ஒரு வார்த்தை வாயைத் தொறக்கலை பாரு. அதான்யா பெரிய மனுசன்."

பாய் முக்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"ரொம்ப ஒசத்திதாம்மா," என்றார். தன் பொருளை அவர் அவ்வளவு உருக்கமாகப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவையாம்.

ஞானம்பாள் தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். குனிந்து கொடுக்கிற சாக்கில் காதோடு சொன்னாள்:

"பாய், சொல்லிடாதீங்க. கண்ணாலம் பேசினதுலேருந்து அத்தை ஸ்கூட்டர், ஸ்கூட்டர்னு சொல்லிக்கினே இருந்தாங்க. இதைப் பார்த்தப்பாலதான் ஸ்கூட்டர் பேச்சையே எடுக்கலை. இப்ப இது எங்களது இல்லைன்னு சொன்னீங்கன்னா, நான் இந்த வூட்ல எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன்?"

உண்மையைச் சொன்னால் காமிரா கிடைக்கும், பெண்ணின் மானம் போகும். பாய் சந்தேகப் பிராணிதான், ஆனால் கல்நெஞ்சர் இல்லை. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்.

"அம்மா, இதுக்குள்ள தாலி கட்டின படம் கீது. அதைக் கழுவணும். எடுத்துக்கினு போய்…"

"பிலிமை மட்டும் உருவிக்கினு போ."

"வெளிச்சத்துல தொறந்தா தாலி கட்டினதே அழிஞ்சிடும்மா. இருட்டு ரூம்லதான் தொறக்கணும்."

அழிஞ்சிடும் என்ற வார்த்தையைக் கேட்டதும் பதினைந்து பெண்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். திரிபுரசுந்தரி யோசித்தாள்.

"விளக்கு வெச்சாச்சு. இனிமே பொருள் வாசல் தாண்டாது. நாளைக்கு வெள்ளிக்கிழமை, அன்னிக்கும் ஆவாது. சனிக்கிழமை நானே எடுத்தாறேன்."

"உங்களுக்கு இன்னாத்துக்கும்மா சிரமம்? நானே வந்து…"

"உன்னைத் தப்பா சொல்லலைய்யா. காலம் கெட்டுக் கீது."

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்த பாயை ஷஹர்பானு மேலும் கீழும் பார்த்தாள்.

"காமிரா எங்க?"

"பத்திரமா கீது."

"எங்க பத்திரமா கீது?"

"திருக்கழுக்குன்றத்துல. பொட்டு வெச்சு, பூ வெச்சு."

ஷஹர்பானு வளையல் இல்லாத மணிக்கட்டைத் தடவிக்கொண்டு முழுக் கதையையும் கேட்டாள். திட்டவில்லை. "இத்தினி நாளா ஊரையே திருடன்னீங்க. கடைசியில பூட்டித் தாம்பூலத்தோட அனுப்பி வெச்சிருக்கீங்க," என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தாலே தேவலை என்று பாய்க்குத் தோன்றியதாம்.

சனிக்கிழமை திரிபுரசுந்தரி வந்து இறங்கினாள். காமிரா வாரைக் கழுத்தில் மாட்டி, அதன்மேல் முந்தானையைப் போர்த்தி, முந்தானைக்கு ஊக்கு குத்தி, ஒரு கையை உள்ளே விட்டு அதைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரன் தும்மியதற்குக்கூட முறைத்தாளாம். பாயின் அலங்காரத்தில் அவளுக்குக் குறைவாக இருந்தது அந்த மாட்டு மணி ஒன்றுதான்.

பாய் காமிராவோடு இருட்டறைக்குள் போனார். அந்தம்மாள் கதவை ஒட்டி முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். தன்னுடைய காமிராவையே தான் திருடிக்கொண்டு ஓடிவிடாமல் வெளியே அவள் காவல் இருக்க, பாய் உள்ளே வியர்த்துக்கொண்டு பிலிம் கழுவினார். ஷஹர்பானு டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

"பெரியம்மா, இது உங்க புள்ளைக்கு வந்த சீரா?"

"ஆமா பாயம்மா. லாக்கருக்குள்ள வெச்சுக் குடுத்தாரு எங்க சம்பந்தி."

"நல்லா இருக்கட்டும். ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. கையில காமிரா வந்த ஆம்பளை மொதல்ல எங்க போவான் தெரியுமா? மாமல்லபுரம் பீச்சுக்கு. அங்க வெள்ளைக்காரச்சிங்க அரையும் கொறையுமா வெயில் காஞ்சிகினு படுத்துக் கீறாங்க. தொழில்காரரு, இவரையே நான் கண்ணுல எண்ணெய் ஊத்திகினு பாத்துகினு கீறேன். உங்க புள்ளையோ புது மாப்ள. கல்பாக்கத்துலேருந்து மாமல்லபுரம் எம்மாம் தூரம்?"

இருட்டறைக்குள்ளிருந்து ஒரு இருமல் கேட்டது. மணல் பட்டால் காமிரா கெட்டுவிடும் என்று கடற்கரைப் பக்கமே தலை வைக்காத மனிதர் அவர்.

திரிபுரசுந்தரி டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள். டீ எப்போதோ ஆறிவிட்டிருந்தது.

"அப்ப இன்னா செய்யச் சொல்ற?"

"இங்கயே இருக்கட்டும் பெரியம்மா. உங்க பொருளாவே இருக்கட்டும். நல்லநாள் பெரியநாளுக்குச் சொல்லி அனுப்புங்க. இவரே எடுத்தாந்து உங்க குடும்பத்தைப் படம் எடுப்பாரு. காவலுக்குக் காவலும் ஆச்சு."

"ம்… அதுவும் சரிதான். எங்க காமிரா செங்கல்பட்டு ஸ்டூடியோவுல ஓடிகினு கீதுன்னு தெருவுல சொல்லிக்கிறேன். சொந்த பஸ்ஸு ஓடற மாதிரி."

படம் காய்ந்ததும் வாங்கிக்கொண்டு கிளம்பினாள். வாசல்படி வரைக்கும் வழியனுப்ப வந்த ஷஹர்பானுவிடம் குரலைத் தாழ்த்தினாள்.

"பாயம்மா, புது சாமானுக்கு வாரு இம்மாம் தேஞ்சா இருக்கும்? ஆனா தெரு பூரா கூப்பிட்டுச் சொன்னப்பாலதானே அதை நான் பார்த்தேன். சொன்ன வாயை எங்க கொண்டுபோய் வெச்சிக்கிறது? நீயா ஒரு வழி சொல்லுவன்னு பார்த்தேன், சொல்லிட்ட. உன் வூட்டுக்காரர்கிட்ட சொல்லு, அடுத்த தபா எவன் பீரோல வெச்சாலும் சாவி தன் இடுப்புல இருக்கட்டும்."

"ஞானம் பயந்துகினு கீதாமே பெரியம்மா. அதுங்கிட்ட சொல்லிடலாமா?"

"வேணாம். கொஞ்ச நாள் பயந்துகினு இருக்கட்டும். மருமவளுக்கு நல்லதுதான்."

ஞாயிற்றுக்கிழமை திருப்போரூர் கல்யாணத்தில் பாய் சங்கிலி இல்லாமல், மணி இல்லாமல் நின்றார். சாப்பாட்டுக்கு மட்டும் காமிராவை மடியில் வைத்துக்கொண்டாராம். அதற்குப் பிறகு வருஷா வருஷம் பொங்கலுக்கு அவர் திருக்கழுக்குன்றம் போவார். திரிபுரசுந்தரி முதலில் காமிராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்லா வெச்சிருக்கியா?" என்று மிரட்டுவாள். அப்புறம் பொட்டு வைப்பாள். அதைத் துடைத்துவிட்டுத்தான் பாய் படம் எடுப்பார். ஞானம்பாளின் பிள்ளைகள் தவழ்ந்தது, நடந்தது எல்லாம் அந்த இரண்டு கண்ணுக்குள்தான். ஆனால் கூடத்தில் மாட்டியிருந்தது முதல் படம். அதில் அரிசி மழை பொழிகிறது, மாப்பிள்ளை இன்னும் தாலியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

சரி கண்ணுகளா, எழுந்திருங்கள், நேரமாகிவிட்டது. உங்கள் வீட்டுப் பீரோக்கள் நிறையட்டும். அவற்றின் சாவி உங்கள் இடுப்பிலேயே தங்கட்டும். தவறி உங்கள் வீட்டுக்கு வந்த பொருள் யாரையும் அழவைக்காமல் திரும்பிப் போகட்டும். உங்கள் வாசலில் விழுகிற அட்சதை எப்போதும் சரியான நேரத்தில் விழட்டும்.