ரெனாத்தோவுக்குச் சேவைநயப்பு விழா

முப்பது வருடம் ஆய்வுகூடக் கூண்டில் ஊசி வாங்கிய சிம்பன்சி ரெனாத்தோ, இத்தாலியில் பலேர்மோ நகருக்கு மேலே மலைச்சரிவிலுள்ள காப்பகத்துக்கு இளைப்பாற வந்து மூன்று கிழமை. இன்னும் புல்லில் கால் வைக்கவில்லை. உள்ளறை மூலையே கதியென்று கிடந்தது. பராமரிப்பாளன் விமலராஜ் கபோ சந்தையில் பொறுக்கி வாங்கிய அத்திப்பழங்களைத் திறந்த கதவுக்கு வெளியே வைத்துப் பார்த்தான். எறும்புகள் வயிறாறின. மாதம் முடிவதற்குள் வெளியே வராவிட்டால் வடக்கே ஒரு மூடிய காப்பகத்துக்கு அனுப்புவதென்று மிருக வைத்தியர் சொல்லிவிட்டார். அங்கே வானம் கிடையாது. விமலராஜுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் அம்பலவாணருக்குச் செய்தி எட்டியது. கிழமை நாட்களில் அவர் லிபெர்த்தாத் தெருவில் ஒரு வக்கீல் வீட்டைத் துடைத்துத் துலக்குபவர். ஞாயிறுகளில், பதினொரு வருடமாக, தமிழர் நலன்புரிச் சங்கத் தலைவர். ஓய்வுபெறும் எவரையும் பொன்னாடை போர்த்தாமல் அவர் விட்டதில்லை.

“முப்பது வருசச் சேவை, தம்பி. சும்மா விடுறதே?”

அதற்கு ஆட்களைக் கண்டாலே பயம் என்று விமலராஜ் சொல்லிப் பார்த்தான். தலைவர் மண்டபச் செலவு மிச்சம் என்றார். காப்பக இயக்குநர் சிஞ்ஞோராவும், பத்திரிகைக்காரர் வருவார்கள் என்றதும் தலையாட்டிவிட்டாள்.

ஞாயிறு காலை குத்துவிளக்கு மலையேறி வந்தது. விழா நாயகர் உள்ளறையை விட்டு வரமாட்டாராகையால், நாற்காலிகளும் ஒலிபெருக்கியும் அந்த அறையின் கம்பிவலையோரமே போடப்பட்டன. பொன்னாடையை யாருக்குப் போர்த்துவதென்ற சிக்கலை, சிஞ்ஞோரா தன் தோளைக் கொடுத்துத் தீர்த்துவைத்தாள். பிறகு தலைவர் வாழ்த்துமடலை விரித்தார். ஏழு பக்கம்.

முதற் பக்கத்திலேயே ரெனாத்தோ காதைப் பொத்திக்கொண்டது. ‘தன்னலம் கருதாது விஞ்ஞானத்துக்குக் குருதி ஈந்த கொடை வள்ளலே’ என்ற இடத்தில் முதுகைக் காட்டியது. மூன்றாம் பக்கத்தில் எழுந்தது. சபையை ஒருமுறை பார்த்தது. திறந்த கதவால் நடந்தது. புல்லில் ஒரு கால். கொஞ்சம் யோசித்து மறுகால். அப்புறம் யோசனையே இல்லை, நேரே தூரத்து ஒலிவ மரத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

விமலராஜுக்குக் கண் கலங்கியது. அம்பலவாணருக்கு முகம் கறுத்தது. சபையோர் நழுவுவது அவருக்குப் பழக்கம். விழா நாயகரே எழுந்து போனது இதுதான் முதல் தடவை. மடலை மடிக்கப் போனார்.

விமலராஜ் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தான்.

“நிப்பாட்டாதேங்கோ, அண்ணை. விட்டால் திரும்பி வந்திடும். வாசியுங்கோ.”

பதினொரு வருடத்தில் ஒருவரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. தலைவர் மடலை நிமிர்த்திப் பிடித்தார். செருமிக்கொண்டு, முதற் பக்கத்திலிருந்து திரும்பத் தொடங்கினார்.