செயலியில் தொலைந்த சலங்கை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சவுரியப்பனுக்கு வேலை போயிற்று. சம்பளமில்லாத வேலைதான். பென்னாகரம் மாதா கோவில் பாடகர் குழுவில் பதினோரு வருடமாகச் சலங்கை குலுக்குகிற வேலை.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க," என்றாள் குழுவை நடத்தி முதல் குரலும் பாடும் சோபனா டீச்சர். "போன வருசத்துப் பாட்டை ஆப்புல போட்டுக் கேட்டேன். சலங்கை வர்ற எடமெல்லாம் உஸ்ஸு உஸ்ஸுன்னு ஒரே இரைச்சல். ஞாயித்துக்கெழம ரெக்கார்டிங்ல சலங்கை வேணாங்களே."

தபேலாவுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்த ஆரோக்கியராஜ் சிரித்தான். சவுரியப்பனின் மனைவிக்குத் தம்பி.

"எண்ணெயில வடை போட்ட மாதிரி இருக்குது மாமா. டிஷ் டிவியில வர்ற ரேடியோவுலயும் போட்டாங்க. அங்கயும் வடைதான்."

சவுரியப்பன் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் மெக்கானிக். எழுநூறு அடி ஆழத்தில் ஓடும் மோட்டாருக்கு என்ன நோய் என்று மேலே நின்று காதாலேயே சொல்லிவிடுவார். தன் சலங்கை இரைச்சல் என்றால் அவரால் நம்ப முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும், அதே குழுவில் பாடும் மகள் பாரதியின் போனில் கேட்டார். உஸ். இன்னொரு முறை கேட்டார். உஸ்ஸேதான்.

"ஏம்மா, நான் குலுக்கினது இதுவா?"

"போன் பாட்டுல டேட்டா மிச்சம் பண்ண சத்தத்தைச் சுருக்கிடுவாங்கப்பா. சலங்கை மாதிரி சன்னமான சத்தம்தான் மொதல்ல தேயும். சிடியில அப்படிச் சுருக்க மாட்டாங்க."

சிடி இருந்தது. ஸ்டூடியோக்காரர் அன்பளிப்பாகக் கொடுத்த பத்தில் ஒன்று பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடந்தது. போட்டுக் கேட்கத்தான் வழியில்லை. பாரதியின் லேப்டாப்பில் சிடி போகிற வாயே கிடையாது. தெருவில் ஆறு வீடு ஏறி இறங்கியும் பயனில்லை. கடைசியில் பாரதிக்குத்தான் ஞாபகம் வந்தது. "ரெக்கார்டிங்குக்கு நம்ம போற மாது அண்ணன் வேன்ல பழைய சிடி செட்டு இருக்குதுப்பா!"

ஞாயிறு பூசை முடிந்ததும் வேன் தர்மபுரிக்குக் கிளம்பியது. ஆர்மோனியம் தூக்க ஆள் வேண்டும் என்ற சாக்கில் சவுரியப்பனும் ஏறிக்கொண்டார். வண்டி ஊரைத் தாண்டியதும் சிடியை நீட்டினார்.

"இதெல்லாம் இன்னுமாங்க வெச்சிருக்கீங்க?" என்று மாது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "உள்ள போனா வெளிய வருமான்னு தெரியாது. அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

பாட்டு வந்தது. கூடவே டீசல் என்ஜினும் பாடியது. சலங்கையைக் காணோம்.

"இப்ப வடையும் போச்சு மாமா!" என்றான் ஆரோக்கியராஜ். வேனே சிரித்தது.

"வண்டிய நிறுத்துப்பா," என்றார் சவுரியப்பன்.

இண்டூர் தாண்டி ஒரு புளியமரத்தடியில் வண்டி நின்றது. என்ஜின் அணைந்தது. பாட்டை முதலிலிருந்து போட்டான் மாது.

சல்.

இரைச்சல் இல்லை. ஒவ்வொரு மணியும் தனித்தனியாக உதிர்ந்தது. பின்சீட்டில் பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடினார்கள். அடுத்த அடியின் முடிவில் மறுபடியும் சல். ஆரோக்கியராஜின் தபேலாவில் விரல் உரசுவதுகூடக் கேட்டது.

"எங்கப்பா!" என்று கத்தினாள் பாரதி. எல்லாரும் கை தட்டினார்கள்.

சோபனா டீச்சர் மட்டும் தட்டவில்லை. இரண்டாவது சரணத்தில் ஓரிடத்தில் சலங்கை வரவில்லை. அந்த இடத்தில் 'ஹக்' என்று மூச்சு வாங்கும் சத்தம், யாரோ பக்கத்தில் நின்று வாங்குவதுபோல் கேட்டது. அவளுடைய மூச்சு.

"இன்னொரு தடவை போடுங்க," என்றாள். கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு திரும்பினாள்.

"அண்ணா, நான் மூச்சு வாங்கற எடமாப் பாத்தா அடிக்கிறீங்க?"

சவுரியப்பன் தலையைச் சொறிந்தார். "உங்களுக்கு வீசிங் இருக்குதுங்களே டீச்சர். நீட்டமான அடி முடிஞ்சா இழுக்கும். அது மைக்குல விழுந்தா நல்லாவா இருக்கும்? அதான், அங்க ஒரு குலுக்கு."

"பதினோரு வருசமாவா?"

"ஆமாங்க."

"அந்த ஒரு எடம் ஏன் விட்டீங்க?"

"தும்மல் வந்துடுச்சுங்க. ஒரு கையில மூக்கைப் புடிச்சேன், இன்னொரு கையில சலங்கையைப் புடிச்சேன், அதுக்குள்ள நீங்க அடுத்த அடிக்குப் போயிட்டீங்க."

வேன் குலுங்கச் சிரித்தது. டீச்சருக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன.

"ஆப்புல ஏன் இவ்வளவு மோசம்? மத்த பாட்டெல்லாம் இவ்வளவு உஸ்ஸுன்னு வரலையே," என்றாள் பாரதி. "யாரு ஏத்தினது?"

ஆரோக்கியராஜ் ஜன்னலுக்கு வெளியே புளியமரத்தை ஆராய்ந்தான்.

"மச்சான்," என்றார் சவுரியப்பன்.

"நான்தான் மாமா. ஸ்டூடியோவுல பெரிய ஃபைலா குடுத்தாங்க. அது சீக்கிரம் ஏறல. அதான் வாட்ஸ்அப்புல நம்ம குரூப்புக்கு வந்ததை எடுத்து ஏத்திட்டேன்."

"ஏற்கெனவே சுருக்குனதை இன்னொரு தடவை சுருக்கியிருக்காரு!" என்று பாரதி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ரேடியோவுக்கும் அதேதானா?"

"அதேதான்."

"வடை போட்டவன் நீதானாடா!" என்றார் சவுரியப்பன். அவன் முதுகில் நாலைந்து கைகள் ஒரே சமயத்தில் விழுந்தன.

மாது வண்டியைக் கிளப்பினான். சோபனா டீச்சர் புதுப் பாட்டின் தாளை மடியில் விரித்து, சவுரியப்பனைத் தன் பக்கத்து சீட்டுக்கு அழைத்தாள். பென்சிலால் குறித்துக்கொண்டே சொன்னாள்:

"இதுல எனக்கு மூச்சு வாங்கற எடம் நாலு இருக்குதுங்கண்ணா."

சவுரியப்பன் தாளை எட்டிப் பார்த்து, விரலால் இரண்டு வரிகளைத் தொட்டார்.

"ஆறுங்க டீச்சர்."