பக்கத்து சீட்டில் பிரேக் இல்லை

ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்தவளிடம் சொந்தமாக ஒரு வண்டி கிடையாது. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான். பத்தொன்பது வருடமாக டிரைவிங் ஸ்கூல் காரின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே அவள் காலம் ஓடிவிட்டது. அந்தக் காரில் பக்கத்து சீட்டுக்கு முன்னாலும் ஒரு பிரேக் உண்டு. எதிரே மாடு வந்தாலும் மிதிப்பாள், மாடு வரலாம் என்று தோன்றினாலும் மிதிப்பாள். படிக்க வந்தவர்கள் வைத்த பெயர் பிரேக் டீச்சர். அவளுக்குத் தெரியாமல் இல்லை. வீட்டில் புருஷனே அப்படித்தான் கூப்பிட்டான், பிறகு யாரைப் போய்க் கோபிப்பது?

நாற்பத்தாறு வயதில் அவளுக்கு அந்த சீட் கசந்துவிட்டது. ஸ்டியரிங் யார் யாரோ கையில், உயிர் மட்டும் இவள் காலில். பஸ்ஸில் போனாலும் வலது கால் தரையை மிதித்தது. தூக்கத்தில் உதைத்து உதைத்துப் போர்வையைக் கிழித்தாள். டெய்லரான புருஷன் அதை இரண்டு முறை தைத்துக் கொடுத்துவிட்டு, "மூணாவது தடவைக்குக் கூலி வாங்குவேன்" என்றான்.

அந்த நேரத்தில்தான் மலைமேல் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரிக்கு ஆள் தேடுவதாகக் காதில் விழுந்தது. வாரம் மூன்று நாள் மருந்துப் பெட்டிகளை மேலே கொண்டுபோக வேண்டும். பாதை முழுக்க மண். சொந்தமாக ஃபோர் வீல் ஜீப் இருக்க வேண்டும். சனிக்கிழமை ஒரு சோதனை ஓட்டம். கீழே கிடங்கில் எட்டுப் பெட்டி ஏற்றிக்கொண்டு பன்னிரண்டு மணிக்குள் மேலே போய்ச் சேர்ந்தால் வேலை அவளுக்கு. சேராவிட்டால், திங்கட்கிழமை காலையில் பழையபடி பக்கத்து சீட். அதை நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது.

ஜீப்பும் கிடைத்தது. விற்றவள் வேறு யாருமில்லை, ஐந்து வருடத்துக்கு முன்னால் இவளிடமே படித்த சர்வேயர் பெண். டீச்சர் கதவைச் சாத்துவதற்கு முன்பே வண்டியைக் கிளப்பிவிடுவாள். அதனால் அவளுக்கு டீச்சர் வைத்த பெயர் 'அவசரம்'. "முழுசா கேளு, அப்புறம் கையை வை" என்று அவளிடம் ஒரு நாளைக்கு நாற்பது தடவை கத்தியிருப்பாள். படித்து முடித்த அவசரம் காடு மேடு எல்லாம் அளக்க இந்த ஜீப்பில்தான் திரிந்தாள். இப்போது இடுப்பு பிடித்துக்கொண்டு, குலுங்குகிற வண்டியே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இருபத்திரண்டு வயசு ஜீப். பச்சை நிறம் என்று காகிதத்தில் இருந்தது, பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

காகிதமெல்லாம் கைக்கு வந்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம். சனிக்கிழமை காலை ஏழரைக்கெல்லாம், காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி, புருஷனை இழுத்துக்கொண்டு டீச்சர் அவசரத்தின் வீட்டு வாசலில் நின்றாள்.

"டீச்சர், உள்ள வந்து ஒரு டீ..."

"டீயெல்லாம் அப்புறம். சாவியைக் குடு."

அவசரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டே வண்டியைச் சுற்றிக் காட்டினாள். "பெரிய கியர் உங்களுக்குத் தெரியும். பக்கத்துல இந்தக் குட்டி லிவர்தான் ஃபோர் வீல், நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். மலை அடிவாரத்துல நின்னு பின்னாடி இழுங்க, லோவுல விழும், வேகம் குறைஞ்சு இழுப்பு கூடும். முக்கியமா, இறங்கறப்போ பிரேக்கை மிதிக்காதீங்க டீச்சர். சேத்துல மிதிச்சா சக்கரம் நின்னுடும், வண்டி நிக்காது, வழுக்கிட்டே போகும். முதல் கியர்ல விட்டா இன்ஜினே பிடிச்சுக்கும்."

"யாருகிட்ட? பிரேக்கைப் பத்தி எனக்கே பாடமா?"

அவசரம் சிரித்துவிட்டு முன் சக்கரத்தின் பக்கம் போனாள். சக்கரத்துக்கு நடுவில் உள்ளங்கை அளவில் வட்டமாக ஒரு திருகு இருந்தது. அதன்மேல் இருந்த எழுத்தெல்லாம் எப்போதோ தேய்ந்துவிட்டது. "இது ரொம்ப முக்கியம். இந்தத் திருகு இருக்கு பாருங்க..."

"ஏம்மா, பத்தொன்பது வருஷமா சக்கரம் எதுன்னு தெரியாமலா சொல்லிக் குடுத்தேன்? மணி ஆகுது."

டீச்சரிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் யாருமில்லை. அவசரம் வலியோடு குனிந்து, இரண்டு முன் சக்கரத்துத் திருகையும் தானே திருப்பிவிட்டு நிமிர்ந்தாள். "சரி, நானே போட்டு விட்டுட்டேன். மலை இறங்கி முடிக்கிற வரைக்கும் இதை..." மீதி இன்ஜின் சத்தத்தில் போய்விட்டது. டீச்சர் வண்டியைக் கிளப்பிவிட்டிருந்தாள்.

ஐயோ, அந்த முதல் பத்து நிமிடம்! ஸ்டியரிங் ஆட்டுக்கல் மாதிரி கனத்தது. கிளட்சை மிதிக்க இடுப்பையே தூக்க வேண்டியிருந்தது. உயரத்திலிருந்து பார்க்க, சாலையில் போகிறவர்களின் வழுக்கை எல்லாம் தெரிந்தது. பயமாகவும் இருந்தது, பாட்டுப் பாட வேண்டும் போலவும் இருந்தது. காலி ரோட்டிலும் கால் பழக்கத்தில் பிரேக்கைத் தேடித் தேடி மிதித்தது. பக்கத்தில் டெய்லர் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டு வந்தான்.

"உங்களை யாரு கும்பிடச் சொன்னா?"

"கண்ணாடியில முட்டுறதுக்கு, கும்பிடுறது மேல் இல்லையா டீச்சர்?"

அவனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கல்யாணமான புதிதில் இவள் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள். மூன்றாம் நாள் அவன், "உன்கிட்ட வண்டி கத்துக்கணுமா, உன்கூட குடும்பம் நடத்தணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்று கேட்டான். அத்தோடு பாடம் முடிந்தது.

கிடங்கில் எட்டுப் பெட்டியையும் ஏற்றி, மலையடிவாரம் வந்து சேர்ந்தபோது பத்து மணி. மேலே போக ஒரு மணி நேரம் போதும் என்று சொல்லியிருந்தார்கள். கையில் இரண்டு மணி இருக்கிறது. வேறு யாராவது என்றால் அரை மணி உட்கார்ந்து ஓய்வெடுத்திருப்பார்கள். இவளால் முடியுமா? குட்டி போட்ட பூனை மாதிரி ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

அவளிடம் படித்தவர்கள் எல்லாருக்கும் கடைசிப் பாடம் ஒன்று உண்டு. இறங்கினால் எல்லாவற்றையும் நேராக்கிவிட்டுத்தான் நகர வேண்டும். சக்கரம் நேராக, கண்ணாடி நேராக, கால்மிதி நேராக. அந்தப் பழக்கத்தில் கண்ணாடியைத் துடைத்தாள், கால்மிதியை உதறிப் போட்டாள், பெட்டிக் கயிறுகளை இழுத்துப் பார்த்தாள். முன்பக்கம் வந்தவள் கண்ணில், சக்கரத்து நடுவில் அந்தத் திருகு கோணலாகத் திரும்பியிருப்பது பட்டது. அந்தப் பக்கமும் அதே கோணல்.

"இவ இன்னும் திருந்தலை பாருங்க. எதையும் ஒழுங்கா விடத் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே இரண்டையும் நேராக்கினாள். பார்க்கக் கச்சிதமாக இருந்தது. திருப்தியோடு ஏறி உட்கார்ந்து, குட்டி லிவரைப் பின்னால் இழுத்தாள்.

முதல் இரண்டு வளைவு ஏறிய விதத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவது வளைவு தாண்டி, ராத்திரி மழையில் ஊறிய செம்மண் மேடு. பாதி ஏறியதும் வண்டி உறுமியது, நின்றது, மெல்லப் பின்னால் இறங்கியது. மறுபடி ஏற்றினாள். இன்னும் கொஞ்சம் பின்னால் வந்தது. மூன்றாம் முறை பின் சக்கரங்கள் அங்கேயே குழி தோண்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டன.

பத்து ஐம்பது.

டெய்லர் இறங்கித் தள்ளினான். கல் பொறுக்கிப் போட்டார்கள். கால்மிதியைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தார்கள், ஜீப் அதைத் தின்று துப்பியது. அவள் ஏறுவாள், இறங்குவாள், கடிகாரத்தைப் பார்ப்பாள், மறுபடி ஏறுவாள். பதினொன்று பத்து. பதினொன்று இருபது. திங்கட்கிழமை காலையும் அந்த சீட்டும் கண் முன்னால் வந்து நின்றன.

"ஒரு நிமிஷம் சும்மா இரேன்" என்றான் டெய்லர். தலை முதல் கால் வரை சேறு. "பின் சக்கரம் என்னை இந்தக் கதி பண்ணியிருக்கு. முன் சக்கரத்தைப் பாரு, ஒரு துளி சேறு தெறிக்கலை. அது சுத்தவே இல்லை."

"லிவர் போட்டிருக்கே!"

"போட்டிருக்கலாம். சுத்தலையே."

அவள் முகம் சிவந்தது. "ஏமாத்திட்டா! ஓட்டை வண்டியை என் தலையில கட்டிட்டா! சொல்லிக் குடுத்த டீச்சர்னு ஒரு மரியாதை வேண்டாம்?" போனை எடுத்தாள். ஒரு கோடுதான் இருந்தது. பாறைமேல் ஏறி நின்று, அவசரம் எடுத்ததும் வாய்க்கு வந்தபடி பொரிந்து தள்ளினாள்.

அவசரம் கடைசி வரை கேட்டாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். "டீச்சர், அந்தத் திருகைத் தொட்டீங்களா?"

டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நேராக்கினேன்."

"நேரா இருந்தா முன் சக்கரம் தனியா உருளும். லிவர் போட்டாலும் இழுக்காது. கோணலா இருந்தாத்தான் இன்ஜினோட சேரும். அதைத்தான் காலையில..." அவசரம் நிறுத்திக்கொண்டாள். குரலில் கேலி இல்லை. கேலி பண்ணியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது டீச்சருக்கு. "முழுசா கேளுங்க, அப்புறம் கையை வைங்க டீச்சர்."

பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், 'டக்' என்று எப்போது விழும், எந்த கியரில் எடுக்க வேண்டும், எல்லாம் கேட்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. "எனக்கு இது தெரியாதும்மா" என்றாள். அந்த வார்த்தையைச் சொல்வதற்குத்தான் எவ்வளவு கஷ்டப்பட்டாள்!

சேற்றில் மண்டியிட்டு இரண்டு திருகையும் திருப்பினாள். ஏறி, முதல் கியரில் மெதுவாக கிளட்சை விட்டாள். முன்னால் ஏதோ 'டக்' என்றது. முன் சக்கரம் மண்ணைக் கவ்வியது. அவ்வளவுதான், அத்தனை நேரம் அடம்பிடித்த வண்டி எழுந்து நடந்தே போய்விட்டது.

மேலே ஆஸ்பத்திரி வாசலில் நின்ற டாக்டர் அம்மா கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னிரண்டு இருபது. பன்னிரண்டுன்னு சொல்லியிருந்தேன்."

"ஆமாங்க டாக்டர்."

"பாதை மோசமா இருந்ததா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். டெய்லரின் சட்டையே சாட்சி. ஆனால் அவளுக்குப் பொய் சொல்லவும் தெம்பில்லை. "பாதை மேல தப்பில்லைங்க. விற்ற பொண்ணு சொல்லவந்ததைக் காது குடுத்துக் கேக்கலை. சரியா இருந்த திருகை நானே மாத்தி வச்சுட்டேன்."

டாக்டர் அம்மா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. பெட்டிகளை எண்ணி இறக்கச் சொன்னார். பிறகு, "போன வாரம் வந்தவர் பதினொண்ணுக்கே ஏறிட்டார். இறங்கறப்போ பள்ளத்துல விட்டார். நான் கீழ போகணும், கூட்டிட்டுப் போங்க. வேலையைப் பத்தி அங்க பேசலாம்" என்று சொல்லிவிட்டு, நேராகப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். டெய்லர் பின்னால் ஏறினான்.

மழை தூறத் தொடங்கியது. அந்தச் செம்மண் மேடு மேலிருந்து பார்க்கக் கிணறு மாதிரி இருந்தது. முதல் கியர். லோ. திருகு கோணல். எல்லாம் சரி. ஆனால் கால்? அது பிரேக்கின்மேல் போய் உட்கார்ந்துகொண்டு வர மறுத்தது. லேசாக ஒரு மிதி மிதித்தாள். பின்பக்கம் சட்டென்று பள்ளத்தின் பக்கம் வழுக்கியது.

"பிரேக்! பிரேக்!" என்று கத்தினார் டாக்டர் அம்மா.

எத்தனை ஆயிரம் தடவை அவளே கத்திய வார்த்தை அது! உடம்பில் ஒவ்வொரு நரம்பும் மிதி என்றது. அவள் காலை எடுத்தாள். எடுத்துத் தரையில் வைத்து, அங்கேயே அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வாய்க்குள்ளேயே, "இன்ஜின் பிடிச்சுக்கும், இன்ஜின் பிடிச்சுக்கும்" என்று முனகினாள். வண்டி நேரானது. உறுமிக்கொண்டே, நடந்து போகிறவர் வேகத்தில், ஒரு அடிகூட வழுக்காமல் இறங்கியது. அடுத்த வளைவில் டாக்டர் அம்மா கத்தவில்லை.

சமதளம் வந்து நின்றதும் டாக்டர் அம்மா பெருமூச்சு விட்டார். "திங்கட்கிழமை எட்டுப் பெட்டி. பன்னிரண்டுன்னா பன்னிரண்டு. இனிமே எதையும் நேராக்காதீங்க." இறங்கியவர் வலது காலை உதறிக்கொண்டார். "கால் மரத்துப் போச்சு, ஏன்னே தெரியலை" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

டீச்சர் பக்கத்து சீட்டுக்குக் கீழே பார்த்தாள். வெறும் தகரத்தரை. அதில், பயிற்சிக் காரில் பிரேக் இருக்கும் அதே இடத்தில், டாக்டர் அம்மாவின் வலது செருப்பின் சேற்றுத் தடம் ஆழமாக அழுந்திக் கிடந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஸ்டியரிங்கில் தலையை வைத்து வாய்விட்டு அழுதாள்.

"வேலைதான் கிடைச்சிடுச்சே, அப்புறம் என்ன?" என்று டெய்லர் பின்னாலிருந்து துணியை எடுத்துக்கொண்டு வந்தான். "துடைச்சிடட்டுமா?"

"வேண்டாங்க. இருக்கட்டும்."

மூக்கைச் சிந்திக்கொண்டு இறங்கி, முன் சக்கரத்தருகே போய்க் குந்தி உட்கார்ந்தாள். திருகு கோணலாக இருந்தது. கை பரபரத்தது. அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் போன் போட்டாள்.

"நான்தாம்மா. மலை இறங்கிட்டேன், தார் ரோட்டுக்கு வந்துட்டேன். இப்ப இதை நேராக்கலாமா, கூடாதா? நீ சொல்லு, நான் கேக்குறேன்."