பரணில் மாட்டிய கோடரி

கால்வாயோரம் புதிய வெள்ளத் தடுப்புச் சுவர் எழும்பிவிட்டது. நியூ ஆர்லியன்ஸில் ஓடெலின் வீட்டையும் எட்டடி உயரத் தூண்களில் தூக்கி நிறுத்தியாயிற்று. வேலை முடிந்த அன்று அவள் தச்சன் டெலாஷேயிடம் துருப்பிடித்த கோடரி ஒன்றை நீட்டினாள்.

“இதப் பரண்ல மாட்டிட்டுப் போ.”

“சுவர் எவ்ளோ ஒசரம்னு பாத்தீங்கல்ல மிஸ் ஓடெல்? இனிமே தண்ணி வந்தா என் மீசைய எடுத்துடறேன்.”

“போன சுவரக் கட்டினவனும் இப்படித்தான் மீசைய முறுக்கினான். ஏறுடா வாயாடி!”

அந்தத் தெருவில் எல்லார் பரணிலும் கோடரி உண்டு. வெள்ளம் மேலே துரத்தினால் கூரையை உள்ளிருந்து பிளந்துதான் தப்ப வேண்டும். பழைய சுவர் உடைந்த புயலன்று வீட்டுக்குக் காவலாக நின்ற அவள் கணவன் ஆல்சீட் பரணில்தான் ஏறினான். மூன்று வாரம் கழித்து அங்கிருந்துதான் உடலை இறக்கினார்கள். கூரையில் ஒரு வெட்டுகூட இல்லை.

மாட்டிவிட்டு இறங்கிய டெலாஷே தயங்கித் தயங்கிக் கேட்டான். “உங்க பழைய கோடரி என்னாச்சு, மிஸ் ஓடெல்? ஆல்சீட் அண்ணன் கைக்கு அது கிடைக்கலையா?”

“அதான் இது,” என்றாள் ஓடெல். “அத்திமரத்துல கிளை கழிக்கணும்னு புயல் வந்த வாரம் நான்தான் கீழ எறக்கினேன். கொட்டகையிலயே போட்டுட்டு அக்கா வீட்டுக்குப் போயிட்டேன்.”